நத்தைக் கோடு

மழை விட்டு
அரைமணி வெயில் அடித்தால் போதும்,
யூனியன் தெரு முழுக்கக் காக்காப்பொன் மினுங்கும்.
கப்பலில் வந்தவர்கள் அதற்குள் படம் எடுத்துக்கொள்வார்கள்.
மற்றபடி அபர்டீன்
பிழிந்து காயாத துணியின் நிறம்.

இந்த ஊரில் பாதி
ரூபிஸ்லா பள்ளத்தில் இருந்து ஏறி வந்தது என்பார்கள்.
வங்கி, கோர்ட், மாதா கோயில் கோபுரம்,
நான் டீ குடிக்கும் கடையின் வாசற்படி.
எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டால்
மூடிக்கொள்ளுமா அது?
இப்போது வேலிக்கு அந்தப்புறம்
அடி காட்டாத கறுப்புத் தண்ணீர்.

என் வேலை சின்னது.
உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் டப்பா இரண்டு.
ஒன்று படுக்கையறையில், ஒன்று கூடத்தில்.
தொடாதீர்கள், துணி போட்டு மூடாதீர்கள்,
மூன்று மாதம் கழித்து வருவேன்.

சுவர் எந்தக் கல்லோ
வீட்டுக்கு அடியிலும் அதே கல்.
அதற்குள் பொடியளவு யுரேனியம்,
நாற்பது கோடி வருஷமாய்க் கரைந்து கரைந்து
வாயுவாகி
பலகை இடுக்கில் ஏறி வருகிறது.
மணமில்லை. இருமல்கூட வராது,
வெகுநாள் வரைக்கும்.

ஃபெரிஹில்லில் ரோனா மில்ன் வீடு.
ஜன்னல் அருகே தொட்டில்.
வாசலில் 'விற்பனைக்கு' பலகை,
மூன்றாவது குளிர்காலம், ஒரு பக்கம் சாய்ந்து.
டப்பாக்களைத் துடைத்துத் தந்தாள்.
ஒன்றின் அடியில் மட்டும்
நத்தை போன வெள்ளிக் கோடு.

நத்தை படுக்கையறைக்கு வருமா என்று
நான் கேட்கவில்லை.
ஜன்னல் வழியே தோட்டக் கொட்டகையைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"எண்ணெய் விலை விழுந்த வாரமே
இதன் விலையும் விழுந்தது.
நீ வேறு ஒரு நம்பரை எழுதி
இன்னும் இறக்கப்போகிறாய்."
பிறகு, கெட்டிலை அடுப்பில் வைத்துக்கொண்டே:
"உன் வீட்டில் எவ்வளவு?"

பன்னிரண்டு வருஷம்.
ஆயிரத்து முந்நூறு வீடு.
என் வீட்டில்
வைத்ததே இல்லை.

டீ ஆறிப்போகும்வரை இருவரும்
தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பையில் இருந்து புதிதாய் இரண்டை எடுத்தேன்.
தொட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில்
அவளே இடம் ஒதுக்கினாள்,
ஒரு கரடிப் பொம்மையை நகர்த்தி.
"அதற்குள் விற்றுவிடுவேன்" என்றாள்.
"சரி" என்றேன்.

வெளியே வந்தால் வெயில்.
தெரு நெடுக, மாடி மாடியாய்,
ஒவ்வொரு சுவரும்
பல்லிளித்தது.