வரவுப் பதிவேடு, பக்கம் 61

இரவு இரண்டேகால்.
வாலாஜா டோல்கேட் தாண்டிட்டேன் மேடம் என்றார் லாரிக்காரர்.
அங்கிருந்து குடியாத்தம் ஒன்றரை மணி நேரம்.
கிடங்கில் நிறைந்த உருளைகள் நான்கு.
மாடியில் நாற்பத்திமூன்று மூக்குகள்.
பெருக்கி, வகுத்துப் பார்த்தேன்:
இரண்டு மணி, கூட ஒரு பத்து நிமிடம்.

மூன்று மணிக்கு மறுபடி போன்.
பள்ளிகொண்டாவில் மறித்து
வேறெங்கோ திருப்பிவிட்டார்களாம்.
அந்த வேறெங்கோவிலும் மூக்குகள்தானே,
யாரைத் திட்டுவது.

ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன்.
காலியானது கூடுதலாகப் பேசும்.

மூன்றே முக்காலுக்கு
சித்தூர் கேட் வெல்டிங் பட்டறை நூருல்லா
குட்டியானையில் மூன்று உருளை கொண்டுவந்தார்.
மாஸ்க் மூக்குக்குக் கீழே.
ரசீது? என்றேன், பழக்கதோஷத்தில்.
காலியைக் குடுங்க போதும்,
ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்.

ஆறு அடிக்குமுன் அதே லாரி வந்தது,
பாதிச் சுமையோடு.

தணிக்கைக்கு வந்தவர்
அந்த வரியில் பேனாவை ஊன்றினார்.
இந்த மூன்றுக்கும் பில் எங்கே?
மூலையைக் காட்டினேன்.
தட்டிப் பார்த்தார்.
மூன்றும் பேசின.

மாதக் கடைசியில் இன்னும் எழுதுகிறேன்:
காலி, மூன்று.
உரியவர் வரவில்லை.