அளவு பாட்டில்

பாட்டிலின் வயிற்றில் நெயில் பாலிஷால் ஐந்து கோடு.
ஷர்மிளா போட்டது.
கோட்டுக்கு நூற்றைம்பது மில்லி,
மிச்சம் காபிக்கும் மாத்திரைக்கும்.
ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.
அதற்கு மேல் நைனாவின் இதயம் இறைக்காது என்று
சொல்லியனுப்பியிருந்தார்கள்.

முப்பத்தொரு வருஷம் முனிசிபாலிட்டியில் வால்வு திறந்தவர்.
விடியற்காலை மூணு மணிக்கு
சைக்கிள் பாரில் இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு போவார்.
கொசப்பேட்டைக்கு ஒன்றரைச் சுற்று,
வேலப்பாடிக்கு ரெண்டு,
மேட்டுத் தெருவுக்கு மட்டும்
கை வலிக்க முழுசாக.
அந்த ஆள்
வேலூர் வெயிலில், சித்திரை மாசத்தில்,
நாக்கு உதட்டில் ஒட்டிக்கொள்ள
அடுத்த கோட்டுக்காக என் முகத்தைப் பார்ப்பார்.

நான் காவல்.
ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்ததும் நோட்டைத்தான் எடுப்பேன்.
காலை 6.10, காபி, அறுபது.
9.00, மாத்திரை, நாற்பது.
ஒரு ராத்திரி பாத்ரூமில்
பிளாஸ்டிக் மக்கை வாயில் கவிழ்த்தபடி நின்றார்.
"திருடுறியா நைனா?"
கேட்டுவிட்டேன்.
மக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.
தாடையில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.
அதையும் எழுதினேன்:
11.40, மக், தோராயமாக இருநூறு.

மூன்றாவது ஐ.சி.யூ.வுக்குப் பிறகு
இனி இங்கே வர வேண்டாம்,
நாங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள்.
செவ்வாய்க்கிழமை வேன்.
சிஸ்டர் பியூலா செருப்பைக் கழற்றிவிட்டு
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.
நான் நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.
அவரிடமே கேட்டாள்:
"இன்னா வேணும் உங்களுக்கு?"

திருப்பதி என்பார் என்று நினைத்தேன்.
இல்லாவிட்டால் மனைத் தகராறில் பேச்சு நின்றுபோன
குடியாத்தத்துத் தம்பியை வரச் சொல்வார்.
அவர் கூரையைப் பார்த்தார்.
"சொம்புல தண்ணி. அண்ணாந்து."

சிஸ்டர் வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசினாள்.
வெகுநேரம்.
வந்து எதையும் மறைக்காமல் சொன்னாள்.
கால் இன்னும் வீங்கும்.
மூச்சு முட்டலாம். முட்டினால் இந்த மருந்து,
இவ்வளவு, நாக்குக்கு அடியில்.
எந்த நேரமானாலும் கூப்பிடுங்க.
"தண்ணி குடிக்கட்டும்.
மோர்ல உப்பு வேணும்னா போடுங்க."

மூன்று ஐ.சி.யூ.வுக்கும் அழாத அம்மா
உப்புக்கு அழுதாள்.

சொம்பை நான் பிடித்தேன், அவர் விடவில்லை.
ரெண்டு கையும் நடுங்க, தானே.
பாதி தொண்டையில், பாதி நெஞ்சு முடியில்.
குடித்து முடித்து முகம் சுளித்தார்.
"கேன் தண்ணியா இது?
செத்த தண்ணி. குழாத் தண்ணி கொண்டா."

எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தரம்.
அந்த நாலு நாளும் இருந்தார்.
ஒரு ராத்திரி மருந்து கொடுத்தோம்,
மூச்சு மெல்ல மெல்ல இறங்கி
அம்மாவின் கை மேலேயே தூங்கினார்.

நாலாம் நாள் மூணேகாலுக்கு அவர்தான் என்னை எழுப்பினார்.
"வர்றான் பாரு."
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
வாசலுக்கு ஓடினேன். குழாயில்
வெறும் காற்று, இருமல், துரு,
அப்புறம் தண்ணீர்.
உள்ளே அவருடைய வலது கை
போர்வைக்கு மேலே
எதையோ கால் சுற்று தளர்த்திவிட்டது.

சொம்பைக் கொடுத்தேன்.
ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி,
யாரோ ஒரு புது ஆளைத் திட்டினார்:
"பிளீச்சிங்க அள்ளிக் கொட்டிக்கீறான் பாவி."
இன்னொரு வாய் குடித்தார்.

அந்த நோட்டில் இப்போது
பால் கணக்கு எழுதுகிறாள் ஷர்மிளா.
முன்பக்கங்களை நான் கிழிக்கவில்லை.