எண்ணூற்று இருபத்தைந்து

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே என் அறை.
சுவர் முழுக்க நாவலின் காலம்
ஒட்டிக் கிடக்கிறது,
பழைய காலண்டர்களின் முதுகில்:
சிவப்பு மையில் பிறப்பு,
கறுப்பில் சாவு,
பச்சையில் மழை.
கீழிருந்து ஷீட் புகை ஏறிவந்து
எல்லா வருடத்துக்கும் ஒரே வாசனை.

சின்னப் பிழைகள் தினமும் அகப்படும்.
மாசியில் இலை கொட்டி நிற்கும் மரத்துக்கு
நேசையன் பால்வெட்டக் கிளம்பினான்.
தடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.
ஆறாம் அத்தியாயத்தில் அடக்கம் செய்தவர்
பதினொன்றில், குழித்துறைப் பாலத்தில் நின்று
பீடிக்குத் தீ கேட்டார்.
மறுபடி கொண்டுபோய்க் கிடத்தினேன்.
சக்கைப்பழத்தைக் கார்த்திகையிலிருந்து கழற்றி
சித்திரையில் மாட்டினேன்.

ரசலத்தின் காரியம் அப்படியல்ல.
கல்யாணம்: கொல்லம் 1131, ஆவணி 12.
பிள்ளை: 1131, வைகாசி 17.
எங்கள் பக்கம் பழைய ஆதாரம் எதை விரித்தாலும்
இப்படித்தான் இருக்கும்.
இங்கே கொல்லம் என்றால் ஊரல்ல,
வருடம்.
எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால்
இங்கிலீஷ் வருடம் வந்துவிடும் என்று
யாரோ எப்போதோ சொன்னது காதில் கிடந்தது.
கூட்டினேன்.
இரண்டுக்கும் ஐம்பத்தாறு வந்தது.
அந்த ஐம்பத்தாறில் வைகாசி முன்னால்,
ஆவணி பின்னால்.
தாலிக்கு மூன்று மாதம் முன்பே தொட்டில்!

ஊர் சும்மா இருக்குமா?
கிணற்றடியில், சந்தையில், ஆராதனை முடிந்த வாசலில்
மூன்று அத்தியாயம் பேசியது.
நேசையன் பேச்சிப்பாறைத் தோட்டத்திலேயே கிடந்தான்,
வீட்டுக்கு வரவில்லை.
நான் எழுதியதிலேயே நல்ல மூன்று அவை.

நேற்று ராத்திரி கரண்ட் போன நேரம்
மெழுகுதிரியோடு சுவரருகே போனேன்.
கொல்லத்துக்கு ஆவணி ஒன்றல்லவா புதுவருடம்!
ஆவணிதான் தலை.
வைகாசி பத்தாம் மாதம்.
மார்கழிப் பாதிவரை கூட்டவேண்டியது
எண்ணூற்று இருபத்துநான்கு.
அதற்கப்புறம்தான் இருபத்தைந்து.
விரல் மடக்கினேன்.
ஒன்பது மாதம், ஐந்து நாள்.

அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.
இருந்ததே இல்லை.

மூன்று அத்தியாயத்தையும் கிழிக்கவேண்டும்.
கை வரவில்லை.
விடியும்வரை உட்கார்ந்து
ஒரு குமாஸ்தாவைச் செய்தேன்.
பெயர் வேதமாணிக்கம்.
வருடம் 1983, சபை ஆபீஸ்,
மூலையில் ஒழுகும் குடை.
மஸ்கட் போக பாஸ்போர்ட் வேண்டி
ரசலத்தின் மகன் ஜஸ்டஸ்
தன் பிறப்புச் சீட்டும்
அம்மையின் கல்யாணச் சீட்டும் கேட்டு நிற்கிறான்.
வேதமாணிக்கம் பூச்சி அரித்த பதிவேட்டைப் புரட்டி
காதில் கிடந்த எண்ணைக் கூட்டுகிறான்,
இரண்டுக்கும் ஒன்றாக.
ஜஸ்டஸ் வாசிக்கிறான்.
இன்னொரு முறை வாசிக்கிறான்.
மடித்துப் பையில் வைக்கிறான்.

ஊர்வாயில் இருந்த மூன்று அத்தியாயமும்
இப்போது ஒருத்தன் நெஞ்சுக்குள்.
மஸ்கட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும்.
கடிதம் வராது.

சுவரில் இனி எதுவும் இடறாது.
ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, எண்பத்துமூன்று,
எப்படிக் கூட்டினாலும் சரி.
வேதமாணிக்கம் பாவம், நல்ல மனிதன்.
சாயங்காலம் குடையை மறந்துவைத்துவிட்டு
பஸ் ஏறிப் போகிறான்,
எவன் கணக்கைச் சுமக்கிறோம் என்று அறியாமல்.

ரசலம் மட்டும்
தபால்காரனின் சைக்கிள் வளைவு திரும்பும்போதெல்லாம்
என்னைப் பார்த்துக் கேட்கிறாள்:
"எனக்க பிள்ள காயிதம் போட்டு
எத்தற கொல்லமாச்சு மக்கா?"

ஏழு என்று சுவரில் இருக்கிறது.
நான் இன்னும் சொல்லவில்லை.