தொங்கும் கதவுக்கு

நிலம் நாற்பது நொடி ஆடியது.
அதற்குள் நிகானோரின் இரும்புக்கடையில்
இருநூற்றுப் பதினாறு இழுப்பறைகளும்
நாக்கை நீட்டி
உள்ளதையெல்லாம் கக்கிவிட்டன.

மரையாணி, தட்டாணி, வளையம், கொக்கி,
கீல், கீலின் ஊசி,
எந்தப் பூட்டுடையவை என்று யாருக்கும் தெரியாத சாவிகள்.
சில உருண்டுபோய்
வால்பரைசோவின் செங்குத்துப் படிகளில்
மூன்று வீடு தாண்டி நின்றன,
தப்பித்தவை போல.

"ஓர்தெனார். அதுதான் இனி வேலை," என்றார் நிகானோர்.

ஸ்பானிய மொழியில் அடுக்குவதற்கு அந்தச் சொல்.
ஆணையிடுவதற்கும் அதே சொல்.
எண்ணெய் பூசி ஒருவரைப் பாதிரியாராக்குவதற்கும் அதுவே.
ஒருவர் சொல்ல, இன்னொருவர் குனிய,
ஒரே வினை இருவருக்கும் போதுமாயிருந்தது.

எர்மெலிந்தா குனிந்தாள்.
அந்தச் சொல்லின் னகரத் தலைமேல்
ஒரு சின்ன அலையை வைத்தால்
ஓர்தெஞார்: பால் கற.
ஒசோர்னோவில் ஒரு பண்ணையில்
ஆறு வருடம் கறந்தவள்,
அலையை அழித்துவிட்டுக் கடலோரம் வந்தவள்.
விரல்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.
கட்டைவிரல் உரசினால் போதும்,
மரை எத்தனை நெருக்கம் என்று சொல்லிவிடும்,
விளக்கில்லாமலே.
(மின்சாரம் ஐந்தாம் நாள்தான் வந்தது.)

முதல் இரண்டு நாள் பழையபடியே:
மூன்று மில்லிமீட்டர், நான்கு, ஐந்து,
பித்தளை தனி, துத்தநாகம் பூசியது தனி.
மூன்றாம் நாள் கதவைப் பாதி திறந்ததும் வந்தவர்கள்
யாரும் எண்ணைச் சொல்லவில்லை.
கதவு தொங்குது, என்றார் ரொட்டிக்கடைக்காரர்.
கட்டில் கால் ஆடுது, பையன் அதுலதான் தூங்குவேங்கிறான்.
கூரைத் தகடு ராத்திரி முழுக்கப் பேசுது.
ஒரு பெண் எதுவும் சொல்லாமல்
இரண்டு கைகளாலும் ஒரு நீளத்தைக் காட்டினாள்.
பெட்டி.
நாய்க்கு, என்றாள் கடைசியில்.

அன்றிரவு எர்மெலிந்தா
அடுக்கியதைக் கலைத்தாள்.

தமிழில் அடுக்கு என்றால்
ஒன்றன்மேல் ஒன்றாக வை.
அடுக்கும் என்றால் தகும்.
இது அடுக்குமா என்று ஒருவர் கேட்கும்போது
கையில் பாத்திரம் பண்டம் எதுவும் இருக்காது.
வயிறுதான் எரியும்.
எர்மெலிந்தாவுக்கு இந்த மொழி தெரியாது.
ஆனால் கடை மூடிக்கிடந்த இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டு
மிச்சத்தை உறையில் வைத்து நிகானோர் நீட்டியபோது
அவள் பார்த்த பார்வையை
வேறு எந்தச் சொல்லில் போடுவது?

பதினோராம் நாள் வேலை முடிந்தது.
பழைய எண்சீட்டுகளின் முதுகில் பென்சில் எழுத்து:

தொங்கும் கதவுக்கு.
ஆடும் கட்டிலுக்கு.
காற்றில் பேசும் தகட்டுக்கு.
வீட்டுக்காரர் கண்ணில் படாமல் சுவரில் மாட்ட.
மாமியார் வந்திருக்கும்போது உள்தாழ்ப்பாளுக்கு.
கீழ்வரிசை மூலையில் ஒன்று:
யாராவது கேட்கும்வரை.

நிகானோர் ஐந்து மில்லிமீட்டரைத் தேடினார்.
நாற்பது வருடம் பார்க்காமலே கைவைத்த இடத்தில்
திரைச்சீலை வளையங்கள் கிணுங்கின.
மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
பின்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள்.
அவர்களுக்கு எது எங்கே என்று தெரிந்திருந்தது.

"எர்மெலிந்தா."

அவள் திரும்பவில்லை.
"எதற்கு வேண்டும், சொல்லுங்கள்."

"வீட்டுக்கு."

"வீட்டில் எதற்கு?"

கடை அமைதியானது.
"பணம் வைக்கிற பெட்டி," என்றார் தணிந்து,
"ஆடின ஆட்டத்தில் கீல் கோணிப்போச்சு.
மூட வரவில்லை."

"திறக்க வருகிறதா?"
என்றாள் எர்மெலிந்தா.