பறந்தால் சொல்லலாம்

துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரம்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிற்கிறேன்.
தை மாதம், காலை ஆறு நாற்பது.
பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை
இன்றைக்குக் கிழக்கே சாய்கிறது, நல்லவேளை.

நோட்டில் இதுவரை
நாமக்கோழி நூறுக்கு மேல், எண்ணுவதை விட்டுவிட்டேன்.
நீலத் தாழைக்கோழி ஏழு.
அதில் ஒன்று சம்பங்கோரைத் தண்டைக்
கரும்புபோல ஒரு காலில் பிடித்துக் கடிக்கிறது.
நீர்க்கோலி ஒன்று, தெர்மோகோல் துண்டின் மேல்
வெயில் ஏறட்டும் என்று கிடக்கிறது.
உமரியா என்று குனிந்து பார்த்தது
பச்சை நைலான் கயிறு.
அதையும் எழுதினேன். பிறகு அடித்தேன்.

அப்புறம் இது.
சூரியனைப் பின்னால் வைத்துக்கொண்டு
சேற்று விளிம்பில், ஒரு சாண்கூட இருக்காது,
வாலை ஆட்டி ஆட்டி
எதிரே யாரும் இல்லாமலே தலையசைக்கிறது.
பொரி உள்ளானாக இருக்கலாம்.
அல்லது அதன் ஒன்றுவிட்ட அண்ணன்.
இறக்கையின் உள்பக்கம் வெளுப்பென்றால் இது,
கறுப்பென்றால் அது.
இந்த வெளிச்சத்தில் நிற்கும்வரை இரண்டும் ஒன்று.
பறந்தால் சொல்லலாம்.

இருபது நிமிடமாகப் பறக்கவில்லை.
தண்ணீர் லாரிக்கு நாமக்கோழிகள் சிதறின.
சேற்றுப் பூனைப்பருந்து தாழ வந்ததும்
நெடுங்கால் உள்ளான்கள் மொத்தமும் எழுந்து
ஒரு வட்டம் போட்டு இறங்கின.
இது பாட்டுக்குச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது.

திங்கள் முதல் வெள்ளி வரை
காப்பீட்டு அலுவலகத்திலும் எனக்கு இதே வேலை.
அடையாளச் சான்று இணைக்காத மனுக்களைத்
திருப்பி அனுப்புவது.
வெள்ளத்தில் ஆதார் போச்சு, ரேஷன் கார்டு போச்சு
என்று எழுதியிருந்த வேளச்சேரிக்காரருக்கும்
அதே மூன்று வரிதான் அனுப்பினேன்.
அவருக்குக் கையெழுத்து அவ்வளவு அழகு.

முதுகில் சிவப்புப் பெட்டியோடு
வண்டியை ஓரங்கட்டினான் ஒரு டெலிவரி பையன்.
சட்டையில் நவ்ஷாத் என்றிருந்தது.
"என்னக்கா பாக்குறீங்க?"
பைனாகுலரை நீட்டினேன்.
"அட, ஆமாஞ்சாமி!
எங்க டீம் லீடர் மேனேஜர் முன்னாடி
இப்படித்தான் நிப்பாரு."
சிரித்து முடித்து,
இறக்கை விவகாரத்தைச் சொன்னேன்.
"அவ்ளோதானா, ஹார்ன் அடிக்கவா?"

கட்டைவிரல் பொத்தானில்.
அடி என்றுதான் வாய்வரை வந்தது எனக்கு.
ஐப்பசியில் வந்து இறங்கியிருக்கும்.
பங்குனிக்குள் தின்று கொழுத்தால்தான்
திரும்பிப் போக முடியும்.
ஒரு தரம் எழுப்பினால் எத்தனை புழு நஷ்டம்,
யாரிடம் மனு போடும்?

எதிரே நான் தவணை கட்டும் ஃபிளாட்,
பதினோராவது மாடி, பால்கனியில் என் நைட்டி.
தாய்ப்பத்திரத்தில் அந்த இடம் கழுவெளி.
என் பத்திரத்தில் மனை.

வேண்டாம்பா என்றேன்.
தோசை ஆறுது என்று கிளம்பினான்,
வளைவு தாண்டும்வரை ஹார்ன் அடிக்காமல்.

உள்ளான், ஒன்று. பக்கத்தில் கேள்விக்குறி.
நோட்டை மூடிப் பையில் போட்டேன்.
அந்த வேளச்சேரி மனுவின் எண்
நான்கில் முடியுமா ஒன்பதிலா என்று யோசித்தபடி
ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தேன்.

அந்தச் சத்தத்துக்கு ஏதோ ஒன்று
கீச்சென்று எழுந்து தலைக்கு மேலே போனது.
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன்.
பனி படிந்திருந்தது அதில்.