ஐந்தாவது வாரம்

பதினோரு வருடமாக சிப்காட்டில்
பேரிங் வளையங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
ஆகும், ஆகாது என்று சொல்கிறவன் நான்.
ஒரு மைக்ரானுக்கும் மன்னிப்பில்லை என் மேசையில்.
அப்படிப்பட்டவன்தான் போன ஆடியில்
ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
அட்டைப்பெட்டிக்காரனிடம் ஒரு வால் ஆடியதைப் பார்த்து
நாலாயிரத்தை எடுத்து நீட்டினேன்.
தாய் எங்கே என்று கேட்கவில்லை.
தடுப்பூசிச் சீட்டில் இருந்த லேபிள்
வேறெதிலிருந்தோ உரித்து ஒட்டியது என்று
டாக்டர் சொன்னது புதன்கிழமை.
வெள்ளிக்கிழமை பெட்டி காலி.

அதற்கப்புறம் மாதேஸ்வரி
அந்தச் சிவப்புக் கிண்ணத்தில்
துணிக் கிளிப்புகளைப் போட்டு வைத்தாள்.
நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மத்திகிரியில், மாட்டுப் பண்ணை மதில் முடிகிற இடத்தில்
நாகவேணி வீடு.
கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர்.
"செருப்பை அங்கேயே விடு. கையைக் கழுவு.
அப்புறம் பேசு" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.
உள்ளே நாய் வாடை இல்லை.
டெட்டாலும் வேகவைத்த கேரட்டும்.

முதலில் தாய் வந்தது.
டாஷண்ட். முழ உயரம்கூட இல்லை,
முன்பாதி வந்து சேர்ந்து
பின்பாதிக்குக் காத்திருப்பது போல ஒரு நடை.
"நூலைப் போல சேலை" என்று ஆரம்பித்தவர்
மீதியைச் சொல்லாமல்
தகப்பனின் எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டில் பிடித்தார்.
எனக்குப் புரிகிற பாஷை அது.
வரிசை, இடைவெளி, சீர்.
வால் வரைக்கும் எண்ணினேன்.

ஐந்து குட்டிகள்.
உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு
பாகலூர் ரோஜா நிறத்தில் ஈரமாக இருந்தது.
காது சுத்தம். தொப்புள் சுத்தம்.
எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார்.
நாலு குட்டி பதறி ஓடித்
திரும்பி வந்து தட்டை மோந்தன.
ஐந்தாவது படுத்தே இருந்தது.
"இதன் நெஞ்சில் ஒரு கூடுதல் சத்தம் இருக்கு.
விலை கேட்காதே. இது இங்கேயே இருக்கும்."

எங்கள் பிரிவில் அதற்கென்று
ஒரு சிவப்புத் தொட்டி உண்டு.
நான் சொல்லவில்லை.

பையிலிருந்து என் கேள்வித் தாளை எடுப்பதற்குள்
அவர் ஒரு நோட்டை விரித்தார்.
எத்தனையாவது மாடி?
மூன்று.
லிஃப்ட்?
இல்லை.
"படி ஏறவிட்டால் முதுகு போய்விடும்.
பன்னிரண்டு வருடம் தூக்குவாயா?"
தூக்குவேன்.
"நீ ஷிஃப்ட். இவள் ரோஜாப் பண்ணை.
நடுவில் வீடு எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கும்?"
இரண்டு என்றேன்.
மாதேஸ்வரி, தாயின் காதைத் தடவியபடி,
"நாலரை" என்றாள்.

நோட்டில் நாலரை ஏறியது.
மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால்
உள்ளங்கை வியர்க்கும் என்று
பதினோரு வருடம் கழித்துத் தெரிந்தது.

அட்வான்ஸை வாங்கவில்லை.
"ஐந்து வாரம்தான் ஆகுது. எட்டு ஆகட்டும்.
அதுக்குள்ள நாலரையை இரண்டாக்கு.
முடியலைன்னா போன் பண்ணிச் சொல், கோவிச்சுக்க மாட்டேன்."
எழுந்தோம்.
"அந்த ஸ்வெட்டரைக் கழற்று."
கம்பெனி ஸ்வெட்டர், மெஷின் ஆயில் நாறும் என்றேன்.
"நாறட்டும். அதுங்களுக்கு உன்னைத் தெரியணுமில்ல"
என்று குட்டிகளின் பெட்டிக்குள் விரித்தார்.
பழுப்பு நிறக் குட்டி ஒன்று
கைப்பகுதிக்குள் நுழைந்து பாதியில் மாட்டிக்கொண்டு
அங்கேயே தூங்கிவிட்டது.

ரயில்வே கேட்டில் மார்கழிக் குளிர்
பட்டன் இடைவெளியெல்லாம் தேடி வந்தது.
"சூப்பர்வைசரிடம் நேரம் மாத்தித் தரச் சொல்லிக் கேட்டா
மூஞ்சியைத் தூக்குவான்" என்றாள் முதுகுக்குப் பின்னால்.
கொஞ்சம் பொறுத்து, "கேட்கிறேன்."
கேட் திறந்ததும்
பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

ராத்திரி யூனிஃபார்மைக் காயப்போடக்
கிளிப் தேடினேன்.
எல்லாம் ஜன்னல் கம்பியில் இருந்தன.
கிண்ணம் வாளியில்,
பிளீச்சிங் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.