நாலாம் மாடியில் இன்னும் விக்கெட் விழவில்லை

ஷார்ஜா ஸ்டேடியத்தின் பின்பக்கம்
மூன்று கட்டடங்கள் என் பாதை.
பிரியாணியைக் கதவோரம் வைத்து
மணியடித்துவிட்டு ஆறடி தள்ளி நிற்பேன்.
முதல் மாடியில் "போச்சுடா" என்றொரு குரல்.
லிஃப்ட் ஏறி நாலாம் மாடிக்குப் போனால்
அவுட்டானவன் அங்கே இன்னும் கார்டு எடுத்துக்கொண்டிருக்கிறான்.
நெட் பின்தங்கிய வீடு.
சொல்லிவிடலாமா என்று வாய் வரை வரும்.
சொல்லமாட்டேன்.
அந்த ஒரு நிமிட நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான்
அவர்கள் சந்தா கட்டியிருக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால் சொல்வேன்.
கேட்காமலும் சொல்வதால்தான்
ஷம்சீர் காதில் ஹெட்போனோடு படுக்கிறான்.

முதலில் அந்தப் பொய்க் கைதட்டல் வேண்டாம்.
சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டவன் நான்:
மட்டையில் பந்து படும் சத்தம்,
ஒருத்தன் "வேணாம் வேணாம், ஓடாதே" என்று கத்துவது,
பிறகு ஜெனரேட்டர்.
அவ்வளவுதான் ஆட்டம். நன்றாகவே இருந்தது.
அதன் மேல் யாரோ ஒரு ஸ்விட்சில்
முப்பதாயிரம் பேரை ஊற்றுகிறார்கள்.

எச்சில் தொட்டுப் பந்தைத் தேய்க்கக் கூடாதாம், சரி.
விக்கெட் விழுந்ததும் பதினொரு பேரும் கட்டிக்கொள்கிறார்களே,
அது எந்த ரூலில் வருகிறது?
இந்தச் சின்ன மைதானத்து சிக்ஸர்களில்
பாதியை நான் ஒத்துக்கொள்வதும் இல்லை.

அவர்களுக்கு முழு ஓட்டல், கடற்கரை,
சில நாளுக்கொரு மூக்குப் பரிசோதனை.
எங்கள் அறையில் எட்டுப் பேர்.
குல்ஜமானுக்குக் காய்ச்சல் வந்தபோது
நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம்.
அதுதான் எங்கள் பபிள்.
பிழைத்துவிட்டான். நாக்கில் ருசி மட்டும் திரும்பவில்லை,
எதைக் கொடுத்தாலும் "அச்சா" என்கிறான்.

பொறாமையா என்றால், ஆமாம்.
ஆனால் ஆட்டத்தை நிறுத்து என்று எவனாவது சொன்னால்
முதலில் சட்டையைப் பிடிப்பது நானாகத்தான் இருக்கும்.

நிறுத்தினார்களே, அது வேறு இடத்தில்.
தங்கை இசக்கியம்மாள்,
சேரன்மகாதேவி கல்லூரிக் கபடி, இடது கார்னர்.
கணுக்காலைப் பிடித்தால்
நடுவர் விசில் ஊதியும் விடமாட்டாள்.
மார்ச்சில், அரையிறுதிக்கு முந்தின இரவு,
பாதி வழியில் பஸ்சைத் திருப்பிவிட்டார்கள்.
கடைசி வருடம்.
ஆடாத ஆட்டத்துக்குச் சான்றிதழ் கிடையாது,
சான்றிதழ் இல்லாமல் ரயில்வே கோட்டா கிடையாது.

மூச்சும் தொடுதலும்தானே கபடி.
இரண்டையும் எடுத்துவிட்டால்
தரையில் சுண்ணாம்புக் கோடுதான் மிச்சம்.
அதனால் நிறுத்தியது சரி.
நானே சரி என்றுதான் சொன்னேன்.
இப்போது இந்த ஃப்ளட்லைட்டுகளைப் பார்க்கும்போது
அந்தச் சரி தொண்டையில் நிற்கிறது.

"ஓட்டலில் ஒரு தளத்து வாடகை போதும்,
உங்கள் பன்னிரண்டு பேரையும் ஒரு மாசம்
அடைத்து வைத்து ஆடவிட்டிருக்கலாம்" என்றேன் போனில்.
சிரித்தாள்.
"எங்கள அடைச்சு வைக்க ஊரே இருக்குண்ணே,
தொறந்துவிடத்தான் ஆளில்ல."
அதற்கு என்னிடம் கருத்து இல்லை.

நேற்று ஒன்பதரை மணிக்கு
சிக்னலுக்கு முன்னால் ஏதோ 'டொக்' என்றது.
வெள்ளைப் பந்து.
நிறுத்தியிருந்த கொரோலாவின் அடியில் புகுந்து
இந்தப்பக்கம் உருண்டு வந்தது.
காவலாளி முகக்கவசத்துக்குள்ளிருந்து
"தொடாதே, தொடாதே" என்று ஹிந்தியில் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.
ஹேண்டிலில் மாட்டியிருந்த என் போனைப் பார்த்தேன்.
அதில் அந்தப் பந்து
இன்னும் பௌலர் கையில் இருந்தது.
தொடையில் துடைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

ஷூ நுனி பட்டது, தெரிந்தே.
கபடியாக இருந்தால் ஒரு பாயிண்ட்.
கோட்டைத் தாண்டித் திரும்பியாக வேண்டும்.
ஆப் கத்தியது:
ஆர்டர் நான்கு நிமிடம் தாமதம்.